டிராவலர் ஆட்டத்துக்கு ஒரு சிறிய வேலைக்கலம் வடிவமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டிராவலர் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதாபாத்திரங்களாக ஆடும் விண்வெளிக் கதை ஆட்டம். அதில் ஆட்டக்காரர்கள் ஏறிச் சுற்றும் பெரிய கப்பலுக்கு எல்லோரும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கப்பலைப் பழுது பார்க்க வரும் படகு என்றால், "ஒரு சின்ன ஷட்டில் வருகிறது" என்று கதையை நடத்தும் கேம் மாஸ்டர் ஒரு வரியில் முடித்துவிடுவார். இந்த வழிகாட்டி அந்தப் படகைப் பற்றியது. விண்வெளியின் குட்டியானை என்று வைத்துக்கொள்ளுங்கள்: சாமான் ஏற்றும், கெட்டுப்போனதை இழுத்து வரும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எண்கள் எல்லாம் மாங்கூஸ் பப்ளிஷிங் வெளியிடும் டிராவலர் இரண்டாம் பதிப்பின் விதிப்படி. உங்கள் மேசையில் வேறு பதிப்போ வேறு ஆட்டமோ இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். படிகளின் வரிசையை மட்டும் மாற்ற வேண்டாம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விதிநூலில் கப்பல் வடிவமைப்புப் பகுதி, ஒரு கால்குலேட்டர் அல்லது எக்செல் தாள், கட்டம் போட்ட தாள், பென்சில். இவ்வளவு போதும்.

எக்செல்லில் நான்கு பத்தி போடுங்கள்: பாகம், டன், மின்சாரம், விலை. நான்கையும் சேர்த்தே நிரப்பிக்கொண்டு போக வேண்டும். டன்னை மட்டும் முதலில் முடித்துவிட்டு, மின்சாரத்தைக் "கடைசியில் பார்க்கலாம்" என்று விட்டவர்கள் மறுபடி முதலிலிருந்து வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஆட்ட உலகின் தொழில்நுட்ப நிலையையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். இந்த எடுத்துக்காட்டில் அது 12. மின் உலையின் அளவும் திறனும் இதைப் பொறுத்துத்தான் மாறும்.

கட்டம் போட்ட தாளைக் கடைசி வரை தொடாதீர்கள். படம் முதலில் வந்துவிட்டால் அதை அழிக்க மனசு வராது. அப்புறம் கணக்கைப் படத்துக்கு ஏற்ப வளைக்க ஆரம்பிப்போம்.

2. கலத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். "என்ன கலம்?" என்று கேட்டால் "பல்நோக்குக் கலம்" என்பார்கள். பல்நோக்கு என்று எழுதிவிட்டால் எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. லேசர், கவசம், நான்கு படுக்கை, மருத்துவ அறை எல்லாம் உள்ளே வரும். கடைசியில் கையில் இருப்பது எந்த வேலைக்கும் போதாத, விலை மட்டும் அதிகமான ஒரு டப்பா.

அதற்குப் பதிலாக அந்தக் கலத்தின் ஒரு சாதாரண நாளை எழுதுங்கள். சாகச நாள் வேண்டாம், சம்பள நாள்.

நான் எடுத்துக்கொண்ட கலத்துக்கு 'மீன்கொத்தி' என்று பெயர். காற்று இல்லாத ஒரு நிலவைச் சுற்றும் விண்துறைமுகத்துக்குச் சொந்தம். அதன் நாள் இப்படிப் போகும்: ஷிப்ட் தொடங்கியதும், துறையில் நிற்கும் ஒரு சரக்குக் கப்பலின் வெளிச்சுவரைச் சுற்றி வந்து சோதிக்கும். அடுத்து, 10,000 கிலோமீட்டர் தள்ளி வெளி நங்கூரப் பகுதியில் மிதக்கும் சரக்குப் பெட்டகத்தைப் பிடித்து இழுத்து வரும். ஷிப்ட் முடியும் முன் ஒரு தகவல்தொடர்பு செயற்கைக்கோளுக்குப் போய் உதிரி பாகம் மாற்றும்.

இந்த மூன்று வரியிலிருந்தே தேவைகள் வந்துவிடுகின்றன. பெட்டகத்தைப் பிடிக்க ஒரு இயந்திரக் கை. வெளியே போய்வர ஏர்லாக், அதாவது கலத்தின் காற்று வெளியேறாமல் ஆள் போய்வர உதவும் இரட்டைக் கதவு அறை. பாகத்தைச் சரிசெய்ய ஒரு பட்டறை. இழுக்கப் போதுமான எஞ்சின். ஒரு நாளுக்கு மேல் வெளியே தங்கும் வேலை இல்லை.

அதே தாளில் "இது செய்யாதவை" என்று இன்னொரு பட்டியலும் எழுதுங்கள். காற்று மண்டலத்தில் இறங்காது. சண்டை போடாது. வாயுக் கோளிலிருந்து எரிபொருள் அள்ளாது. வேறு நட்சத்திரத்துக்கும் போகாது, ஏனென்றால் ஜம்ப் எஞ்சின் வைக்க இந்த ஆட்டத்தில் குறைந்தது 100 டன் உடல் வேண்டும். பின்னால் ஒவ்வொரு படியிலும் ஆசை வரும்போது இந்தப் பட்டியலைத்தான் திரும்பிப் பார்க்கப் போகிறீர்கள்.

கலம் எங்கே நிற்கிறது, கெட்டுப்போனால் யார் தேடி வருவார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுங்கள். முதல் கேள்வி அளவைத் தீர்மானிக்கும். இரண்டாவது கேள்வி 5ஆம் படியில் உயிர் பிரச்சினையாக வரும்.

3. அளவைத் தீர்மானியுங்கள்

டிராவலரில் டன் என்பது எடை அல்ல, கொள்ளளவு. ஒரு டன் திரவ ஹைட்ரஜன் அடைக்கும் இடம்தான் ஒரு டன், ஏறக்குறைய 14 கன மீட்டர். ஆகவே 30 டன் கலம் என்பது 420 கன மீட்டர். இதை எடையாக நினைத்துக்கொண்டு "30 டன் என்றால் ஒரு லாரி அளவுதானே" என்று கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகப் போகும். நிஜத்தில் அது ஒரு சிறிய வீட்டைவிடப் பெரியது.

100 டன்னுக்குக் கீழே இருந்தால் சிறுகலம். அதற்குள் எந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பது? தனக்குப் பிடித்த எண்ணைப் போடுவதுதான் வழக்கம். நான் சொல்வது, கலத்தைத் தூக்கிச் செல்லும் தாய்க்கப்பலின் பக்கமிருந்து பாருங்கள்.

உள்ளே நிறுத்தும் இடத்துக்குக் கலத்தின் அளவில் 110 சதவீதம் வேண்டும். 30 டன் கலத்துக்கு 33 டன். உள்ளேயே பழுது பார்க்கும் முழு ஹேங்கர் என்றால் இரண்டு மடங்கு, அதாவது 60 டன். வெளியே கவ்வி மாட்டிக்கொண்டு போவதாக இருந்தால் 30 டன் வரையுள்ள கலத்துக்கு 1 டன் கவ்வி போதும். 31 டன் ஆனதும் 5 டன் கவ்வி வேண்டும். ஒரே ஒரு டன் ஆசைக்காகத் தாய்க்கப்பலில் 4 டன் சரக்கு இடம் போய்விடும்.

மீன்கொத்தி 30 டன்னில் நிற்பதற்குக் காரணம் இதுதான். துறைமுகத்துக்குச் சொந்தமான கலம் என்றாலும், நாளைக்கு ஆட்டக்காரர்கள் அதைத் தட்டிக்கொண்டு போனால் தங்கள் கப்பலில் மாட்ட வேண்டாமா?

4. உடலின் வடிவம்

இந்தப் படி சீக்கிரம் முடிந்துவிடும். சாதாரண உடலுக்கு டன்னுக்கு 50,000 கிரெடிட் (ஆட்டத்தில் புழங்கும் பணம்). 30 டன்னுக்கு 15 லட்சம். காற்றைக் கிழித்துப் போகும் வடிவம் வேண்டுமென்றால் 20 சதவீதம் கூட, அதாவது 18 லட்சம். நம் "செய்யாதவை" பட்டியலில் காற்று மண்டலம் இருக்கிறது. ஆகவே சாதாரண உடல்.

கவசமும் வேண்டாம், ஆயுதமும் வேண்டாம். 35 டன்னுக்குக் குறைவான கலத்தில் ஒரு சிறிய ஆயுதம் பொருத்த இடம் உண்டு. அதைக் காலியாகவே விடுங்கள். துறைமுகப் பழுதுபார்ப்புப் படகில் லேசர் இருந்தால் சுங்கத்துறைக்குச் சந்தேகம் வர வேண்டும். அந்தச் சந்தேகம் கதைக்குத் தேவைப்படும்போது பொருத்திக்கொள்ளலாம்.

5. எஞ்சின்: வேகத்தை நேரமாக மாற்றிப் பாருங்கள்

திரஸ்ட் என்பது எஞ்சினின் தள்ளுதிறனைச் சொல்லும் எண். திரஸ்ட் 1 என்றால் 1 ஜி முடுக்கம், அதாவது பூமியின் ஈர்ப்பு தரும் முடுக்கம். திரஸ்ட் எண் ஒவ்வொன்றுக்கும் உடல் அளவில் 1 சதவீதம் இடம் போகும். எஞ்சின் ஒரு டன்னுக்கு 20 லட்சம் கிரெடிட்.

எண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், பயண நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பாதித் தூரம் முடுக்கி, திரும்பி, மீதிப் பாதியில் வேகத்தைக் குறைக்கும் பயணத்துக்குச் சூத்திரம் எளிது: தூரத்தை முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்க வேண்டும். தூரம் மீட்டரில், 1 ஜி என்பதை 10 என்று வைத்துக்கொள்ளலாம், விடை நொடியில் வரும்.

நம் 10,000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பார்த்தால், திரஸ்ட் 1க்கு 33 நிமிடம். திரஸ்ட் 2க்கு 24 நிமிடம். திரஸ்ட் 4க்கு 17 நிமிடம். எஞ்சினை நான்கு மடங்காக்கினாலும் நேரம் பாதியாகத்தான் குறைகிறது. வேலைக்கலத்துக்கு, திரஸ்ட் 2இலிருந்து 4க்குப் போனால் கிடைக்கும் 7 நிமிடச் சேமிப்பு பணத்துக்குத் தகுந்ததல்ல. திரஸ்ட் 2 போதும்: 0.6 டன், 12 லட்சம்.

இழுவைக் கணக்கு இதைவிட முக்கியம், ஆனால் யாரும் போடுவதில்லை. கலம் வெறுமனே போகும் வேகம் வேறு, பின்னால் ஒன்றைக் கட்டிக்கொண்டு வரும் வேகம் வேறு. மேசையில் எளிதாக இப்படிக் கணக்கிடுங்கள்: கலத்தின் டன்னைத் திரஸ்டால் பெருக்கி, கலமும் இழுக்கப்படும் பொருளும் சேர்ந்த டன்னால் வகுக்க வேண்டும். 60 டன் பெட்டகத்தைக் கட்டினால் 60ஐ 90ஆல் வகுக்க, ஏறக்குறைய 0.67. போகும்போது 24 நிமிடம், திரும்பும்போது 41 நிமிடம். 200 டன் கப்பல் ஒன்று செயலிழந்து கிடக்கிறது, அதை இழுக்க வேண்டும் என்றால் 0.26 ஜி, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கதிர்வீச்சுப் புயல் 50 நிமிடத்தில் வருகிறது என்று கேம் மாஸ்டர் சொன்னால், ஆட்டக்காரர்கள் பகடையை உருட்டும் முன்பே யோசிக்கத் தொடங்குவார்கள்.

இன்னொரு எண்ணும் இங்கே உண்டு. திரஸ்ட் 2இல் பாதித் தூரம் வந்தபோது கலத்தின் வேகம் நொடிக்கு 14 கிலோமீட்டர். அந்த நிமிடத்தில் எஞ்சின் நின்றால் கலம் நிற்காது. சேர வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நாளில் 12 லட்சம் கிலோமீட்டர். விண்வெளியில் பழுது என்றால் "மிதந்துகொண்டு நிற்பது" என்று பலர் விவரிக்கிறார்கள். நிஜத்தில் அது ஒருபோதும் நிற்காத ஓட்டம். கெட்டுப்போனால் யார் வருவார்கள் என்ற கேள்வியை முதலிலேயே எழுதச் சொன்னது இதனால்தான். வருபவரின் எஞ்சின் உங்களுடையதைவிடப் பெரிதாக இருந்தால் நல்லது.

6. மின்சாரம், எரிபொருள்

அடிப்படைத் தேவைக்கு, அதாவது காற்று, வெப்பம், விளக்கு, செயற்கை ஈர்ப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து, உடல் அளவில் 20 சதவீதம் மின்சாரம். 30 டன்னுக்கு 6 புள்ளி. எஞ்சினுக்கு உடல் அளவில் 10 சதவீதத்தைத் திரஸ்டால் பெருக்க, அதுவும் 6. மொத்தம் 12.

தொழில்நுட்ப நிலை 12இல் இணைவு உலை டன்னுக்கு 15 புள்ளி தரும், விலை 10 லட்சம். ஒரு டன் உலை வைத்தால் 3 புள்ளி மிச்சம்.

அந்த 3 புள்ளியைப் பார்த்ததும் எல்லோருக்கும் திரஸ்ட் 3 நினைவுக்கு வரும். 6உம் 9உம் 15, கணக்குக் கச்சிதமாக முடிகிறதே! முடியட்டும், வேண்டாம். மிச்சமே இல்லாத கலத்தில் அடுத்து எதையும் சேர்க்க முடியாது. உலையில் சின்ன அடி பட்டாலும் உடனே எஞ்சினையோ காற்றையோ குறைக்க வேண்டிவரும். வேலைக்கலத்தில் கொஞ்சம் மிச்சம் இருப்பதுதான் நியாயம்.

எரிபொருள் நான்கு வாரத்துக்கு உலை அளவில் 10 சதவீதம், ஆனால் குறைந்தது 1 டன். நம் உலைக்கு அந்த ஒரு டன் 40 வாரம் தாங்கும். எரிபொருள் தீர்ந்துபோகும் கதைக்கு இந்தக் கலம் உதவாது என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். தொட்டியில் ஓட்டை போட்டால்தான் உண்டு.

7. ஆட்களுக்கு இடம்

ஒருவர் உட்காரும் காக்பிட் 1.5 டன். இருவருக்கு 2.5 டன். விலை வித்தியாசம் 5,000 கிரெடிட்தான். ஆகவே இரட்டை காக்பிட் வையுங்கள். முக்கியக் காரணம் மேசை சார்ந்தது: ஒருவர் ஓட்ட, இன்னொருவர் கையை இயக்கினால் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு வேலை கிடைக்கும். ஒற்றை இருக்கை என்றால் மற்றவர்கள் மொபைலை எடுத்துவிடுவார்கள்.

பைலட் திறனில் சிறுகலத்துக்குத் தனிப் பிரிவு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய கப்பலில் கெட்டிக்காரரான பைலட், சிறுகலப் பிரிவு எடுக்காவிட்டால், இங்கே 0 நிலையில்தான் உட்காருவார்.

100 டன் கப்பலுக்கு ஏர்லாக் தானாக வரும். சிறுகலத்துக்கு வராது. 2 டன், 2 லட்சம் கிரெடிட் கொடுத்து நீங்களே சேர்க்க வேண்டும். புதியவர்கள் செய்த கலங்களில் அதிகம் விடுபடுவது இதுதான். ஏர்லாக் இல்லாத பழுதுபார்ப்புக் கலத்தில் ஒருவர் வெளியே போக வேண்டுமென்றால், கலத்துக்குள் இருக்கும் காற்று முழுவதையும் வெளியேற்றி, உள்ளே இருக்கும் எல்லோரும் விண்வெளி உடை போட வேண்டும்.

வேலை ஒரு நாளுக்குள் முடிந்துவிடும்தான், ஆனால் கலம் கெட்டு வெளியே மாட்டிக்கொண்டால் காக்பிட் ஒரு நாளைக்கு மேல் தங்கும் இடம் அல்ல. அதனால் இரண்டு பேருக்கு 3 டன் கேபின் ஒதுக்கியிருக்கிறேன். தூங்க, சாப்பிட, கழிப்பறை போக. கழிப்பறையைப் படத்தில் வரையாதவர்கள் ஏராளம். ஆறு மணி நேர ஷிப்டில் அது எங்கே என்று ஒரு ஆட்டக்காரர் நிச்சயம் கேட்பார்.

8. வேலைக் கருவிகளும் மிச்ச இடமும்

பிடிக்கும் கைக்கு 2 டன், பட்டறைக்கு 6 டன். இப்போது கூட்டுங்கள்: எஞ்சின் 0.6, உலை 1, எரிபொருள் 1, காக்பிட் 2.5, ஏர்லாக் 2, கேபின் 3, கை 2, பட்டறை 6. மொத்தம் 18.1. மிச்சம் 11.9 டன் சரக்குக்கு.

சரக்கு இடத்தைக் கடைசியில்தான் கணக்கிட வேண்டும். "10 டன் சரக்கு வேண்டும்" என்று முதலிலேயே எழுதிவைத்தால், ஏர்லாக்கையும் கேபினையும் வெட்டித்தான் அதைக் காப்பாற்றுவோம்.

சென்சார் பற்றி ஒரு வார்த்தை. அடிப்படை சென்சாருக்கு இடமும் இல்லை, விலையும் இல்லை, ஆனால் சென்சாரைப் பயன்படுத்தும் பகடைச் சோதனையில் 4 குறையும். பொதுப்பயன்பாட்டு சென்சாரில் 2தான் குறையும், ஆனால் 1 டன் இடமும் 30 லட்சம் கிரெடிட்டும் ஆகும். கலத்தின் உடலைவிட இரண்டு மடங்கு விலை! துறைமுகக் கட்டுப்பாட்டு அறை வழி சொல்லும் இடத்தில் ஓடும் கலத்துக்கு எந்தக் கணக்காளரும் அதற்குக் கையெழுத்துப் போட மாட்டார். அடிப்படை சென்சாரே இருக்கட்டும். கலம் அரைக்குருடு என்பது கேம் மாஸ்டருக்கு நல்ல ஆயுதம்.

9. விலையும் மாதத் தவணையும்

எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60 லட்சம் கிரெடிட் வரும். ஆட்டக்காரர்களுக்கு 60 லட்சம் என்றால் வெறும் எண். தவணையாக மாற்றினால் உறைக்கும்: விலையில் 240இல் ஒரு பங்கு, மாதம் 25,000. பராமரிப்பு ஆண்டுக்கு விலையில் 0.1 சதவீதம், மாதம் 500. இழுவைக்கு இவ்வளவு, பழுதுக்கு இவ்வளவு என்று கூலியை இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம். மாதம் 20 வேலை கிடைத்தால், தவணைக்கும் பராமரிப்புக்கும் மட்டும் ஒரு வேலைக்கு 1,275 கிரெடிட் வர வேண்டும். சம்பளம் தனி.

10. இப்போது படம்

ஒரு கட்டம் 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர், கூரை 3 மீட்டர். இரண்டு கட்டம் ஒரு டன். 30 டன் கலத்துக்கு 60 கட்டம். காக்பிட் 5, கேபின் 6, ஏர்லாக் 4, கை 4, பட்டறை 12, எஞ்சினும் உலையும் எரிபொருளும் சேர்த்து 5, சரக்கு 24.

முதலில் ஏர்லாக்கை வரையுங்கள், ஏனென்றால் ஆட்கள் நடக்கும் பாதை அங்கேதான் முடிகிறது. அதை ஒட்டிப் பட்டறை. வெளியே கழற்றிய பாகம் ஏர்லாக் வழியாக நேராகப் பட்டறை மேசைக்கு வர வேண்டும், கேபின் வழியாகச் சுற்றி வரக்கூடாது. கை காக்பிட் ஜன்னலிலிருந்து தெரியும் பக்கத்தில். சரக்கு பின்னால்.

நடைவழிக்குத் தனி டன் கிடையாது. ஒவ்வொரு அறையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் 10 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. உடை போட்ட ஒருவர், அடிபட்ட இன்னொருவரை இழுத்துக்கொண்டு ஏர்லாக்கிலிருந்து கேபின் வரை போக முடிகிறதா என்று விரலை வைத்து நகர்த்திப் பாருங்கள். இடையில் கதவு எத்தனை என்று எண்ணுங்கள். அந்தக் கதவுகள்தான் காற்றுக் கசியும்போது முடிவெடுக்கும் இடங்கள்.

11. மேசையில் ஒரு ஒத்திகை

ஆட்டத்தில் இறக்கும் முன் ஒரு நண்பரை உட்கார வைத்து இரண்டு நிலைமைகளைக் கொடுங்கள். முதலாவது, சாதாரண வேலை: பெட்டகத்தைப் பிடித்து வா. எந்த அறையையும் அவர் பயன்படுத்தவில்லை என்றால் அந்த அறை தேவையா என்று யோசியுங்கள். இரண்டாவது, பாதி வழியில் எஞ்சின் நிற்கிறது. அவர் என்ன கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். ரேடியோ எவ்வளவு தூரம் எட்டும், உடையில் காற்று எவ்வளவு நேரம், கை எதைப் பிடிக்கும் என்றெல்லாம் கேட்பார். இந்தக் கேள்விகளுக்கான பதில்தான் நீங்கள் ஆட்டக்காரர்களுக்குத் தரும் ஒரு பக்கக் குறிப்பில் இருக்க வேண்டும். மேலே போட்ட கணக்கு முழுவதையும் அதில் கொட்ட வேண்டாம்.

பழைய கலம் என்று காட்ட ஒரு குறையையும் சேர்க்கலாம், ஒன்றே ஒன்று. கை முழுவதும் மடங்காது, அதனால் தாய்க்கப்பலில் நிறுத்தும்போது யாராவது வெளியே போய் அதைத் தள்ள வேண்டும். இதுபோலத் திரும்பத் திரும்ப வேலை வைக்கும் குறை நல்லது. நான்கைந்து குறைகளை அடுக்கினால் ஆட்டக்காரர்கள் கலத்தை விற்கத்தான் பார்ப்பார்கள்.

இது சரியாக ஓடிய பிறகு, அதே உடலில் அடுத்த கலத்தை எடுப்பது சுலபம். எஞ்சின், உலை, காக்பிட், ஏர்லாக் எதையும் தொடாதீர்கள். 6 டன் பட்டறையை எடுத்துவிட்டு, டன்னுக்கு நான்கு பேர் உட்காரும் இருக்கை வரிசைகளைப் போடுங்கள். 24 பேரை ஏற்றும் மீட்புப் படகு தயார். மின்சாரக் கணக்கு அப்படியே இருக்கும், படத்தில் 12 கட்டத்தை மட்டும் அழித்து வரைந்தால் போதும்.